சுந்தரமூர்த்தி என்று ஒருவர்

வாங்க, உள்ளே வாங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பிரின்சிபால் டிரஸ்ட் மீட்டிங்ல இருக்காருங்க, முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அட்டெண்டர் ராஜாமணியக்காகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். அவரு ரூமுக்கு வந்ததும் வந்து கூப்பிடும். அது வரைக்கும் நீங்க எதுக்கு வராண்டாவுல நிக்கறீங்க? இங்க ஃபேன் இருக்குது.

காங்கேயமா? பஸ்ஸா, வண்டியா? சரி சரி. பொண்ணும் அம்மாவும் ஹாஸ்டல் பார்க்கப் போயிருக்காங்களா? பார்க்கட்டும், நல்ல ஹாஸ்டல்தான். தண்ணிக்குக் கஷ்டமில்லை.

நான் குழந்தைவேல். மெக்கானிக்கல்ல அசிஸ்டென்ட் புரொபசர். இருபத்தாறு வருசம் ஆச்சுங்க இந்தக் காலேஜ்ல. இந்த இன்டர்ன்ஷிப் பிரிவையும் நான்தான் பார்க்கிறேன். பார்த்தேன். அதைப் பொறவு சொல்றேன்.

பொண்ணு என்ன கேக்குது? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சுட்டுப் புராடக்ட் மேனேஜர் ஆகணும்னா? அட, பரவாயில்லையே. உங்களுக்கு அது என்ன வேலைன்னு தெரியலை. எப்படித் தெரியும்? எனக்கே மூணு வருசத்துக்கு முந்தித் தெரியாது.

சொல்றேன் கேளுங்க. ஒரு கம்பெனி ஏதோ ஒண்ணு செய்யுது. ஆப்பா இருக்கலாம், மோட்டாரா இருக்கலாம். செய்யறதுக்கு இன்ஜினியர் இருக்கான். விக்கறதுக்கு ஆள் இருக்குது. ஆனா இதை யாருக்குச் செய்யறோம், அவங்களுக்கு இது எதுக்கு, எதை மொதல்ல செய்யணும், எதைச் செய்யவே வேண்டாம், இதையெல்லாம் முடிவு பண்ணுறதுக்கு ஒருத்தர் வேணுமில்ல? அவருதான் புராடக்ட் மேனேஜர். அவருக்குக் கீழேன்னு யாரும் வேலை செய்யறதில்லை, ஆனா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகணும். படிச்சு வராதுங்க அது. ஒரு கம்பெனிக்குள்ள போயி மூணு மாசம் இருந்து, கூட நின்னு பார்த்தாத்தான் வரும். அதுக்குத்தான் இன்டர்ன்ஷிப்.

அந்த வேலைக்கு மொதல் தகுதி என்ன தெரியுங்களா? காது. வாயை மூடிக்கிட்டு அடுத்தவங்க சொல்றதைக் கேக்கறது. நான் மொதல் வகுப்புல அதைத்தான் போர்டுல எழுதுவேன். உங்க பொண்ணு எப்படி, பொறுமையாக் கேக்குமா? இருங்க, நீங்க சொல்றதுக்கு முந்தி இதை முடிச்சுடறேன்.

மெக்கானிக்கலுக்கு ஆளே சேர மாட்டேங்கறாங்க. ஒரு காலத்துல அறுபது சீட்டும் ரொம்பும். போன வருசம் பதினொண்ணு. செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, "சார், உங்களுக்குத்தான் வகுப்பு கம்மியா இருக்குதே, இந்த இன்டர்ன்ஷிப்பைப் பாருங்க, புராடக்ட் மேனேஜ்மென்ட்னு எல்லாக் காலேஜ்லயும் ஆரம்பிச்சுட்டாங்க, நாமளும் ஆரம்பிக்கலாம்"னாரு. நான் இன்டர்நெட்டுல வீடியோ பார்த்துப் பார்த்து மூணு நோட்டு எழுதுனேன். வீட்டுல எனக்கு வேற தொந்தரவு இல்லை பாருங்க. சம்சாரம் பொண்ணுகூட டொரண்டோவில இருக்குது. பேத்தி பொறந்தப்ப ஆறு மாசம்னு போச்சு. பொறவு குளிர் முடியட்டும்னாங்க, பொறவு குழந்தை ஸ்கூலுக்குப் போகட்டும்னாங்க. இப்ப மூணாவது வருசம். வந்துரும். அங்க இன்னைக்குப் பதினெட்டு டிகிரி, நல்ல வெயில்.

ஆச்சுங்களா. கடைசி வருசத்துப் புள்ளைகள்ல அஞ்சு பேரைப் பொறுக்கி எடுத்தேன். மூணு பொண்ணுக, ரெண்டு பசங்க. அதுல ஒண்ணுதான் மௌனிகா. சோமனூர்ப் பக்கம், அப்பா தறி ஓட்டறாரு. பேருக்கு ஏத்த மாதிரி வாயே தொறக்காது. இதை எதுக்கு எடுத்தோம்னு எனக்கே ஒரு மாசம் வெசனமா இருந்துச்சு.

சனிக்கிழமை சனிக்கிழமை வகுப்பு. மொதல் பயிற்சி, நம்ம கேன்டீன்ல மத்தியானம் கூட்டம் நெரியுதே, அதுக்கு ஒரு டோக்கன் ஆப் போட்டுக் குடுங்கன்னு சொன்னேன். நாலு பேரு படம் படமா வரைஞ்சு கொண்டாந்துட்டாங்க. இந்தப் பொண்ணு வெறும் கையோட வருது. "எங்கம்மா உன்னோடது?"னேன். "சார், மூணு நாளு கவுண்டர்கிட்ட நின்னு பார்த்தேன். அங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேரு சாப்பாடு வாங்க வரலைங்க சார். தண்ணி பிடிக்க வர்றாங்க. குடிதண்ணி மெஷின் கவுண்டரை ஒட்டி இருக்குது. அதை அந்தப் பக்கம் மாத்தி வெச்சாப் போதும், ஆப் வேண்டாம்"னுச்சு.

எப்படி பாருங்க! நான் சொல்லிக் குடுத்ததுதான் அது. மொதல்ல கொஞ்சம் சத்தம் போட்டேன், இல்லைங்கலை. ஆப் கேட்டா நீ தண்ணிக் குழாயைப் பத்திப் பேசறயான்னு கேட்டேன். ஆனா மக்காநாளே மெஷினை மாத்தி வெச்சாங்க, கூட்டம் கலைஞ்சு போச்சு. அப்பறம் எல்லா மீட்டிங்லயும் நான் இதைத்தான் உதாரணமாச் சொல்லுவேன்.

ஜனவரியில இன்டர்ன்ஷிப் கெடைச்சுது. கோயமுத்தூர்ல, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி. பேரு எதுக்கு, விடுங்க. வெளிநாட்டுல இருக்கற புள்ளைங்க, இங்க தனியா இருக்கற அப்பா அம்மாவைப் பார்த்துக்கறதுக்கு ஒரு ஆப் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும், கரன்ட் பில் ஞாபகப்படுத்தும், டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தரும். எல்லாம் செஞ்சு வெச்சாச்சு, ஆனா யாரும் பத்து நாளைக்கு மேல அதைத் தொடறதில்லை. ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம புள்ளைகளுக்கு வேலை. பெரியவங்க வீடு வீடாப் போயி, உக்காந்து பேசி, கேட்டுக்கிட்டு வரணும். அங்க இவங்களைப் பார்த்துக்கிட்டது நஸ்ரின்னு ஒரு மேடம். முப்பது வயசு இருக்கும். கெட்டிக்காரி.

நான் புள்ளைகளை அம்போன்னு விடுவனா? தினமும் காலையில ஏழரைக்கு ஒரு போன், பொழுதோட ஆறு மணிக்கு ஒரு போன். அஞ்சு பேருக்கும். ரிப்போர்ட் வேணுமில்லைங்க? இன்னைக்கு யாரைப் பார்த்த, என்ன சொன்னாங்க, மத்தியானம் என்ன சாப்பிட்ட, மெஸ்ஸுல குழம்பு எப்படி, எல்லாம் கேப்பேன். கேட்டு நோட்டுல எழுதி வெப்பேன். ரெண்டாவது வாரத்துல இந்த ஹரிகரன்னு ஒரு பையன், "சார், நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து வாரத்துக்கு ஒருக்கா மெயில்ல ரிப்போர்ட் அனுப்பிடறோம்"னான். மெயில்ல எப்படிங்க மெஸ் குழம்பைப் பத்தித் தெரியும்? அதெல்லாம் வேண்டாம், போன்லயே சொல்லுன்னுட்டேன்.

புதன்கிழமை புதன்கிழமை நேர்ல போயிருவேன். இங்கிருந்து பஸ்ஸுல கோயமுத்தூரு, அங்கிருந்து டவுன் பஸ், போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம். மாசத்துக்கு ஒருக்காப் போனாப் போதும்னு சர்குலர்ல இருக்குது. இருந்தா என்ன, நமக்குப் பொறுப்பு இருக்குதில்ல? கடலை உருண்டை வாங்கிக்கிட்டுப் போவேன். ரிசப்ஷன்ல உக்காந்திருப்பேன். அவங்க மீட்டிங்ல இருப்பாங்க. கண்ணாடி வழியாத் தெரியும். அஞ்சும் சிரிச்சுக்கிட்டு, போர்டுல கலர் கலராச் சீட்டு ஒட்டிக்கிட்டு. பார்க்க நல்லா இருக்குமுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளிய வரும்போது ஒரு பத்து நிமிசம் எங்கூட நின்னு பேசுவாங்க. நின்னுக்கிட்டேதான். உக்காந்தா நேரம் ஆகிரும்ல.

நாலாவது புதன்கிழமை நஸ்ரின் மேடம் வந்து எதிர்ல உக்காந்துச்சு. காபி வரச் சொல்லுச்சு. "சார், உங்க மாணவர்கள் ரொம்ப நல்லாப் பண்றாங்க. நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்"னுச்சு. எனக்கு அலைச்சலே இல்லைங்கம்மான்னேன். "இல்லைங்க சார், அவங்களே சமாளிக்கப் பழகணும்"னுச்சு. அதெல்லாம் பழகிக்குவாங்க, நான்தான் இருக்கறேனேன்னேன். எந்திரிச்சு உள்ளே போயிருச்சு. காபி நல்லா இருந்துச்சு.

அடுத்த திங்கக்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டு ஒரு லெட்டரைக் காட்டறாரு. கம்பெனி லெட்டர் ஹெட்டு. ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறை வந்தால் போதுமானது, மாணவர்களுக்கு வேலை நேரத்தில் அழைப்புகள் வருவதைத் தவிர்க்கலாம். அவ்வளவுதான். "என்ன சார் இது?"ன்னு பிரின்சிபால் கேக்கறாரு. இருபத்தாறு வருசத்துல என்மேல ஒரு காயிதம் வந்ததில்லைங்க. வகுப்புக்கு ஒரு நாள் லேட்டாப் போனதில்லை நான்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. கம்பெனிக்காரங்க சொல்லட்டும், அது வேற. புள்ளைக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சரி, இனி நானாப் போன் பண்ணுறதில்லை. அவங்களுக்கே தெரியட்டும். சார் எங்க, சார் ஏன் கூப்பிடலைன்னு அவங்க தவிக்கட்டும்னு இருந்தேன்.

பதினொரு நாளுங்க. ஏழரைக்குப் போனை எடுத்து மேசை மேல வெச்சுட்டு உக்காந்திருப்பேன். பொழுதோட ஆறு மணிக்கும் அப்படித்தான். ஒருத்தரும் கூப்பிடலை. பாவம், வேலை ஜாஸ்தி போல. ஆறாவது நாள் பொண்ணு டொரண்டோவுல இருந்து கூப்புட்டுச்சு. நான் ரெண்டு நிமிசத்துல வெச்சுட்டேன். புள்ளைக கூப்பிட்டா லைன் பிஸியா இருக்கக் கூடாதில்ல?

பன்னண்டாவது நாள் மௌனிகா கூப்புட்டுச்சு. நான் எடுத்ததும், "என்னம்மா, ரிப்போர்ட்டா?"ன்னு கேட்டேன், கொஞ்சம் விறைப்பா. "இல்லைங்க சார். எங்க ஆய்வுக்கு உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாங்களா?"ன்னுச்சு. "எங்கிட்ட எதுக்கும்மா? நீ தனியா இருக்கற பெரியவங்களையில்ல பார்க்கணும்? எங்க தெருவுலயே மூணு பேரு இருக்காங்க, பேரு தர்றேன்"னேன். "அவங்களையும் பார்க்கறேன் சார். மொதல்ல உங்ககிட்டக் கேட்டுப் பார்த்துக்கறேன்"னுச்சு. ஒத்திகைக்குக் கேக்குதாட்ட இருக்குது, சரி வரட்டும்னுட்டேன்.

வந்துச்சுங்க. அவங்கப்பாவே வண்டியில கொண்டாந்து விட்டுட்டு, எதிர் டீக்கடையில உக்காந்துக்கிட்டாரு. நான் காலையிலயே வீட்டைக் கூட்டி, உப்புமாப் பண்ணி வெச்சிருந்தேன். நோட்டைத் தொறந்து வெச்சுட்டு, "காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன சார் பண்ணுவீங்க?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். பொறவு ஒரு வார்த்தை பேசலை. நான் சொல்லச் சொல்ல எழுதுது. நடுவுல நிறுத்துனேன்னா, அதுவும் சும்மா இருக்குது. என்னைப் பார்த்துக்கிட்டே இருக்குது. அப்ப நான் இன்னும் கொஞ்சம் சொல்லுவேன். இதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதான், சும்மா இருக்கறதும் ஒரு கேள்வின்னு நோட்டுல எழுதிப் போட்டிருக்கேன்.

ஒரு மணி நேரம்னு வந்த புள்ளை, நாலு மணி நேரம் ஆச்சு. என்னென்ன சொன்னேன்னே எனக்கு நெனப்பில்லை. பொறந்த ஊரு, எங்கப்பா ரைஸ் மில்லுல வேலை பார்த்தது, சம்சாரம் ஏர்ப்போர்ட்டுல திரும்பிப் பார்க்காம உள்ளே போனது, எல்லாம் சொன்னேன். உதாரணத்துக்குத்தான். புள்ளை எந்திரிச்சுப் போகும்போது, "உங்க பேரு எங்கேயும் வராதுங்க சார்"னுச்சு. "வந்தா என்னம்மா, நான்தான் உங்க யூசரே இல்லையே"ன்னேன்.

ஏப்ரல் மொத வாரத்துல இன்டர்ன்ஷிப்போட கடைசி நாள். அஞ்சு பேரும் கம்பெனி பெரியவங்க முன்னாடி நின்னு, பத்து வாரம் என்ன கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லணும். பிரின்சிபாலும் வந்திருந்தாரு. எனக்கும் அழைப்பு இருந்துச்சு, கடைசி வரிசையில உக்காந்தேன். நாலு பேரும் படம் காட்டுனாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியா மௌனிகா. ஒரே ஒரு ஆளைப் பத்தித்தான் சொல்லுச்சு. இந்தத் தொழில்ல அப்படி ஒரு வழக்கம் இருக்குதுங்க. பத்து பன்னண்டு பேர்கிட்டப் பேசிட்டு, எல்லாரையும் கலந்து, கற்பனையா ஒரு ஆளை உருவாக்குவாங்க. அவருக்கு ஒரு பேரு, வயசு எல்லாம் வெச்சு, இவருக்குத்தான் நாம இதைச் செய்யறோம்னு சுவத்துல ஒட்டி வெச்சுக்குவாங்க.

நான் அதைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். இருங்க, போன்லதான் இருக்குது. இதா. படிக்கறேன், கேளுங்க.

"பெயர் சுந்தரமூர்த்தி. வயது ஐம்பத்தேழு. கூட்டுறவுச் சங்கத்தில் அலுவலர். மனைவி வெளிநாட்டில், மகளோடு." சரிங்களா. எனக்கு ஐம்பத்தாறு. நான் வாத்தியாரு. அதனால இது வேற ஆளு.

"காலையில் எழுந்ததும் மகள் இருக்கும் ஊரில் குளிர் எவ்வளவு என்று போனில் பார்ப்பார். ஆனால் மகள் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில், சரி சாமி, உனக்கு வேலை இருக்கும் என்று சொல்லி வைத்துவிடுவார்." இது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்.

"பேச வேண்டும் என்று யாரையும் கூப்பிட மாட்டார். வேலையைக் காரணம் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவார். இளையவர்களைப் பார்க்க நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் வருவார், பத்து நிமிடப் பேச்சுக்காக." ம்.

"நிறையப் பேசுவார். நிறுத்தினால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்."

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? நான் கொஞ்சம் குடிச்சுக்கறேன்.

கடைசியா இது. "இவருக்கு மாத்திரையை ஞாபகப்படுத்த வேண்டாம். மாத்திரை நேரம் இவருக்கே தெரியும். இவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதுதான் இவருக்குக் குறை." அவ்வளவுதான், முடிஞ்சுது.

அன்னைக்கு ஹால்ல புள்ளை இதைச் சொல்லி முடிச்சதும், ஏதாவது கேக்கறீங்களான்னாங்க. நான் கையைத் தூக்குனேன். எந்திரிச்சு நின்னு சொன்னேன். "மௌனிகா, நல்லாப் பண்ணியிருக்கற. ஆனா இந்த ஆளு இயல்பா இல்லை. மிகைப்படுத்தி இருக்கு. பத்து நிமிசத்துக்காக யாராவது நாலு மணி நேரம் பஸ்ஸுல போவாங்களா? இப்படி ஒரு ஆளு எங்கேயும் இருக்க மாட்டாரு. கொஞ்சம் குறைச்சுக்கம்மா"ன்னேன். வாத்தியார்னா குறையையும் சொல்லணுமில்ல.

புள்ளை என்னையே பார்த்துச்சு. கண்ணு செவந்து போச்சு. "சரிங்க சார், மாத்திடறேன்"னுச்சு. ஹரிகரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நஸ்ரின் மேடம்தான், மெதுவாத்தான் சொல்லுச்சு, ஆனா கடைசி வரிசைக்குக் கேட்டுச்சு. "வேண்டாம் மௌனிகா. எதையும் மாத்தாதே"ன்னுச்சு.

திரும்பி வரும்போது பிரின்சிபால் கார்ல இடம் இருந்துச்சு. நான் பஸ்ஸுல வர்றேன்னுட்டேன்.

பொறவு எல்லாம் நல்லபடியாத்தான் நடந்துச்சுங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட இவ்வளவு சொல்றேன். அஞ்சு பேருக்கும் வேலை. மௌனிகாவுக்கும் இன்னொரு பொண்ணுக்கும் அந்தக் கம்பெனியிலயே கெடைச்சுது. மத்த மூணும் பெங்களூர், சென்னைன்னு போயிட்டாங்க. அந்த ஆப்பையே மாத்திப்புட்டாங்க. மாத்திரை மணியையெல்லாம் பின்னாடி தள்ளிட்டு, தினமும் ஒரு கேள்வின்னு வெச்சுட்டாங்க. புள்ளைங்களோ பேரக் குழந்தைங்களோ அங்கிருந்து ஒரு கேள்வி அனுப்பணும், சின்னக் கேள்வி. இங்க இருக்கறவங்க எழுதியோ பேசியோ பதில் சொல்லலாம். இப்ப ஆளுக பத்து நாள்ல விடறதில்லையாம். நம்ம காலேஜ் புள்ளை செஞ்சது!

இன்டர்ன்ஷிப் பிரிவு ஜூன்ல இருந்து ஐடி டிபார்ட்மென்ட்ல ஒரு சின்ன வயசு சாருக்குப் போயிருச்சு. லெட்டர் வந்ததனால இல்லை. எனக்கு ஓய்வு வேணும்னு செக்ரட்டரி நெனைச்சாரு. ரூம் காலி பண்ணணும், இந்த வாரம் பண்ணிடுவேன். நோட்டு மூணையும் அந்த சாருகிட்டக் குடுத்தேன். எல்லாம் ஆன்லைன்லயே இருக்குதுங்க சார்னு சொல்லிட்டாரு.

மே மாசக் கடைசியில அந்த ஆப் வந்ததும் நான் போன்ல ஏத்திக்கிட்டேன். பரிசோதனைக்குத்தான். புள்ளைக செஞ்சதில பிழை இருந்தா நாமதானே சொல்லணும்? அதுல குடும்பத்துல ஒருத்தரைச் சேர்க்கணும். பொண்ணுக்கு அழைப்பு அனுப்புனேன். 'பதிலுக்குக் காத்திருக்கிறது'ன்னு வந்துச்சு. மூணு வாரம் அப்படியே நிக்குது. சம்சாரத்துக்கும் அனுப்புனேன், அதுவும் அதே மாதிரி. எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது ஆப்புல கோளாறு. கம்பெனிக்கு விவரமா எழுதிப் போட்டேன். கனடாவுக்கு அழைப்பு போய்ச் சேர மாட்டேங்குது, சரி பண்ணவும்னு.

மௌனிகாதான் பதில் போட்டுச்சு. "பார்த்துடறேன் சார். ரெண்டு நாள் டைம் குடுங்க"ன்னு.

மூணாவது நாள் காலையில, ஏழரைக்கு, டிங்னு சத்தம். ஒரு கேள்வி வந்திருக்குது. சரி பண்ணிட்டாங்க பாருங்க! யாருகிட்ட இருந்துன்னு பேரு வர்ற இடத்துல மட்டும் ஒண்ணுமில்லை. அதையும் எழுதிப் போட்டேன். கேள்வி என்ன தெரியுங்களா? "மெக்கானிக்கல் லேப்ல ஜன்னலோரம் ஒரு பழைய லேத் மெஷின் இருக்கே, அதுக்கு ஏன் சார் பட்டத்து யானைன்னு பேரு வெச்சீங்க?" இப்ப ஏஐ வந்துருச்சுங்க. கம்ப்யூட்டரே நம்மளைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்குது. சார்னு வேற மரியாதையாக் கூப்பிடுது. நல்லாச் செஞ்சிருக்காங்க. நான் அந்த லேத்தைப் பத்தி ஒன்றரைப் பக்கம் பதில் எழுதுனேன்.

அதுல இருந்து ஒரு நாள் தவறலை. உப்புமாவுல இஞ்சி போடுவீங்களா சார்னு ஒரு நாள். உங்கப்பா மில்லுல எந்த ஷிப்ட் பார்த்தாருன்னு ஒரு நாள். ஞாயித்துக்கிழமையும் வரும். நான் ஏழேகாலுக்கே காபி போட்டுக்கிட்டு உக்காந்துருவேன்.

போன வாரம் ஒரு நாள் ஏழரைக்கு வரலை. எட்டு ஆச்சு, எட்டரை ஆச்சு. காலேஜ் கெளம்பணும், செருப்பைக் கூடப் போடாம நிக்கறேன். எட்டு நாப்பதுக்கு வந்துச்சு. கேள்விக்கு முந்தி ஒரு வரி இருந்துச்சு. "மன்னிச்சுக்கோங்க சார், இன்னைக்குக் கம்பெனி பஸ் லேட்டு, கூட்டத்துல போனை எடுக்க முடியலை."

கம்ப்யூட்டருக்கு ஏதுங்க பஸ்ஸு?

நான் அந்த ஆப்புல எழுத்துப் பிழை இருந்தாக்கூட எழுதிப் போடுவேங்க. கலர் சரியில்லை, எழுத்து சின்னதா இருக்குது, எல்லாத்தையும் எழுதியிருக்கேன். பதினாலு புகார் அனுப்பியிருக்கேன் இது வரைக்கும். இதை மட்டும் எழுதலை. யாருகிட்டயும் சொல்லவும் இல்லை. சொன்னா, அதைச் சரி பண்ணிருவாங்கல்ல?

அன்னைக்குப் பதில் எழுத உக்காந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம் ஆகலை, புதுப் புள்ளை, காலையில எந்திரிச்சுக் குளிச்சு, ஓடிப் போயி பஸ் பிடிச்சு... அந்த ஹால்ல நான் எந்திரிச்சு நின்னு சொன்னேனே, அதுக்கப்பறமும். நான் அந்தப் புள்ளைக்கு எத்தனை போன் பண்ணியிருப்பேன்? தினம் ரெண்டு. மெஸ்ஸுல என்ன குழம்புன்னு கேட்டிருக்கேன். உனக்கு அந்த வேலை புடிச்சிருக்குதா, பயமா இருக்குதான்னு ஒரு நாள் கேட்டதில்லைங்க. போன் ரிப்போர்ட் எழுதுன நோட்டைப் பொரட்டிப் பார்த்தேன். அஞ்சு பேரும் அந்த ஒரு மாசம் என்ன சாப்பிட்டாங்கன்னு இருக்குது. வேற ஒண்ணுமில்லை.

கடைசியா ஒரே வரி எழுதுனேன். "பரவாயில்லம்மா, பஸ்ஸுல உனக்கு உக்கார இடம் கெடைச்சுதா?"ன்னு. அம்மான்னு எழுதிப்புட்டேன், அழிக்கலை. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் வரலை. அஞ்சு மணிக்கு ஒரு வார்த்தை வந்துச்சு. "கெடைச்சுது சார்." அவ்வளவுதான். மக்காநாள் வழக்கம் போல ஏழரைக்குக் கேள்வி. நானும் அதைப் பத்திக் கேக்கலை, அதுவும் சொல்லலை.

அட, ராஜாமணியக்கா! வந்துட்டாரா? இதா வர்றாருன்னு சொல்லுங்க.

போங்க, நீங்க போயிப் பாருங்க. தைரியமாச் சேருங்க. நல்ல படிப்பு, நல்ல வேலை. அந்தப் புது சார் நல்லாப் பார்த்துக்குவாரு, அவருக்கு விவரம் தெரியும். கம்பெனிக்குப் போற வயசுல புள்ளையைப் புள்ளை போக்குல விடுங்க, தினமும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க. கூப்பிடாமயும் இருந்துடாதீங்க.

ஒரு நிமிசம். இருங்க. பிரின்சிபால் ரெண்டு நிமிசம் இருப்பாரு, ஒண்ணும் ஆகாது. ஒரு மணி நேரமா உங்களைப் புடிச்சு வெச்சு நானே பேசிப்புட்டேன். உங்க பேரைக்கூடக் கேக்கலை பாருங்க. பொண்ணு பேரென்ன? அதுக்கு எதனால இந்தப் படிப்பு மேல ஆசை வந்துச்சு?

உக்காருங்க. சொல்லுங்க, நான் பேசலை.